படுக்கிற இடமே முகவரி

காரைக்குடி வட்டாரத்துப் பழைய வீடுகளின் திண்ணையில் வழிப்போக்கர் யாரும் கேட்காமலே தலை சாய்க்கலாம் என்றிருந்தது. இப்போது பல திண்ணைகளுக்குக் கம்பிக் கதவு போட்டாயிற்று. வீட்டுக்காரர்கள் வெளியூரில். அங்கே படுத்திருக்க வேண்டியவர்கள் பேருந்து நிலையத்திலும் ரயிலடியிலும் கோயில் வாசலிலும் படுக்கிறார்கள். ஊர் 2024-ல் மாநகராட்சி ஆனது. இவர்களுக்கு இரவில் ஒரு கூரை ஏற்பாடு செய்வது மாமன்றத்தின் வேலை.

விதி தெளிவாகவே வகுக்கப்பட்டது. மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் 2013-ல் வகுத்தபடி, 1 லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்க நிரந்தரக் காப்பகம். ஆளுக்கு 50 சதுர அடி. ஒரு காப்பகத்தில் 50 பேர் என்றால் 2,500 சதுர அடி போதும். ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் அவ்வளவு இருக்கும். அப்படியிருந்தும் காரியம் நின்றுபோவது எந்த வார்டில் என்ற கேள்வியில்தான்.

அஜெண்டாவில் இடத்தின் பெயர் வந்த அன்றே அந்த வார்டு கவுன்சிலர் கையில் ஒரு மனு இருக்கும். பக்கத்தில் பள்ளிக்கூடம், பெண்கள் நடமாடும் தெரு என்று 40 கையெழுத்து. மற்ற கவுன்சிலர்கள் வாய் திறக்கமாட்டார்கள். இங்கே வேண்டாமென்றால் அடுத்து தங்கள் வார்டுதான் என்று அவர்களுக்குத் தெரியும். தீர்மானம் ஒத்திவைக்கப்படும். கவுன்சிலர் ஈரமில்லாதவர் என்று இதற்கு அர்த்தமில்லை. கையெழுத்துப் போட்ட 40 பேருக்கும் ஓட்டு இருக்கிறது, நடைமேடையில் படுப்பவருக்கு இல்லை.

பிறகு சமாதானமாக ஊருக்கு வெளியே, பைபாஸ் தாண்டி இடம் பார்ப்பார்கள். அதைவிடக் கட்டாமலே இருக்கலாம். மூட்டை தூக்குகிறவர் விடியற்காலை 4 மணிக்குச் சந்தையில் நிற்க வேண்டும். ஓட்டல் வாசலில் மிச்சச் சோறு கிடைப்பது இரவு கடை அடைக்கும் நேரத்தில். அதற்கு மேல் 3 கிலோமீட்டர் யார் நடப்பார்? மூட்டையைப் பூட்டி வைக்க இடமில்லை, புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியே படுக்க வேண்டும், ஆதார் இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்று சொன்னால் கிட்டே இருந்தாலும் வரமாட்டார்கள். அப்படிப்பட்ட காப்பகத்தின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும். ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் 30 பெயர். நேற்றும் அதே வரிசை, இன்றும் அதே வரிசை. ஆய்வுக்கு வரும்போது கூடம் காலி. ஆளே வருவதில்லை, தேவையில்லை என்று அடுத்த கூட்டத்தில் பேச அது போதும்.

சென்னையில் 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அலுவலர் ஆட்சி. கவுன்சிலரின் தடை இல்லாததால் வேலை சுலபம் என்று தோன்றும். ஆனால் அதிகாரியின் கையெழுத்தில் திறந்த கதவுக்கு, தண்ணீர் வராத நாளில் குரல் கொடுக்க வார்டில் ஆள் இருக்காது. கவுன்சிலரைச் சுற்றிப் போவதைவிட, அவருக்கு இவர்களையும் வாக்காளர்களாக்குவதே உருப்படியான வழி.

அதற்கு வீட்டு முகவரிச் சான்று தேவையில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ல் வீடற்றவர் தாம் படுக்கும் இடத்தையே முகவரியாக எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் அங்கே வந்து, அவர் படுத்திருப்பதைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை.

கெட்டுப்போவதும் இந்த இடத்தில்தான். மழை பெய்தால் ஆள் வேறு வாசலுக்குப் போய்விடுவார். தைப்பூசத்துக்கு முன்னால் பழனிக்கு நடப்பவர்கள் குன்றக்குடி வழியே திரளும் நாட்களில் சாலையோரமெல்லாம் அவர்களே. யார் ஊர்க்காரர் என்று பிரிக்க முடியாது. ஆகவே இவர்களுக்காகப் படிவம் நிரப்புகிறவர்கள் தை, ஐப்பசி இரண்டையும் விட்டுவிட்டுப் பங்குனிக்குப் பிறகு அதைக் கொடுங்கள். இரவு 11 மணிக்கு மேல் போய், ஆள் படுத்த பிறகு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முகவரிக் கட்டத்தில் 'பேருந்து நிலையம்' என்று மட்டும் எழுதினால் அலுவலர் தேடிவிட்டுத் திரும்பிவிடுவார். 'கட்டணக் கழிப்பறைக்கு இடப்பக்கம், மூன்றாவது கடை வாசல், ஷட்டருக்குக் கீழே' என்று எழுதுங்கள்.