சேருக்குப் பிடித்த குளம்

வயலைப் பாடும் மருதத்திணையை நான் வகுப்பறையில் முடிப்பதில்லை. பிள்ளைகளைக் கிளிநொச்சியில் இருக்கும் இரணைமடுக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். கவிதை எழுதுகிறவனுக்குத் தமிழ் படிப்பிப்பதோடு நிற்கத் தெரியாதா என்று சக ஆசிரியர்கள் பகிடி பண்ணுவார்கள். எனக்குத் துருசு என்கிற மதகு, பறவை, பழைய நில அளவைப் படம் என்று கண்டதெல்லாம் வேண்டும். கனகராயன் ஆறு எங்கே வந்து விழுகிறது, குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துச் சிறுபோக வேளாண்மைக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் எப்படித் தீர்மானிக்கிறார்கள், இதெல்லாம் தெரியாமல் வயலைப் பற்றி என்ன பேசுவது?

இந்த முறை திரும்பி வந்ததும் ஒரு கவிதை எழுதித் தரச் சொன்னேன். ஒரு மாணவி மேசையடிக்கு வந்தாள்.

"சேர், உங்களுக்குக் குளம் பிடிக்கும். அதுக்காக நாங்களும் குளத்தைத்தான் எழுத வேணுமா?"

"அப்பிடி ஒண்டுமில்லைப் பிள்ளை. உமக்குத் தெரிஞ்சதை எழுதும்."

"எனக்குத் தெரிஞ்சது கார்மென்ட்ஸ் பக்டரி பஸ்தான் சேர். விடிய முதல் அம்மா அதிலதான் போறவ."

சரி, எழுதும் என்றேன். இவ்வளவுதான் பேச்சு. ஆனால் அவள் கொண்டுவந்து தந்தது குளத்துக் கவிதை. நாரை இருந்தது, அலைகரை இருந்தது, குளம் நிரம்பி வானும் பாய்ந்தது. வார்த்தைக் கட்டு நன்றாகவே இருந்ததால் நல்ல புள்ளி போட்டேன். நீர் எழுத நினைத்தது இது இல்லையே என்று புள்ளியைக் குறைக்க முடியுமா?

அந்தச் 'சரி'யை எந்தக் குரலில் சொன்னேன் என்பதுதான் யோசனை. பஸ் எந்தச் சந்தியில் நிற்கும் என்றுகூடக் கேட்கவில்லை. நீர்ப்பாசனப் பொறியியலாளர் அகப்பட்டால் விடமாட்டேன். சேரின் கண் எதற்கு விரியும் என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா? அன்றைக்கு அவளுக்குப் பின்னால் இன்னும் பேர் நின்றார்கள் என்பதும் உண்மை.

ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார். செடி கொடியில் பைத்தியம் இல்லாதவர் அதை எழுதியிருக்க முடியாது. வாத்தியாரின் பைத்தியத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது நோட்ஸ்தான். இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொடுப்பதா என்று திரும்பி வரும் வழியில் கிளிநொச்சிப் பிள்ளைகளும் யாழ்ப்பாணப் பிள்ளைகளும் பிடித்த சண்டை எந்த நோட்ஸில் வரும்?

ஆனால் அந்த பஸ்? பிரிவு பாலைத்திணைக்கு உரியது. தலைவன் பொருள் தேடிப் போவான், தலைவி காத்திருப்பாள். தாயே பொருள் தேடி நாள்தோறும் இருட்டோடு போய் இருட்டோடு வந்தால் அதை எந்தத் திணையில் வைப்பது? அன்றே கேட்டிருந்தால் ஒரு வகுப்பே ஓடியிருக்கும். இப்போது அந்த பஸ் என் மண்டைக்குள் வரியாக ஓடத் தொடங்கிவிட்டது. எழுதினால் அது யாருடைய கவிதை?

அடுத்த அணிக்கும் இரணைமடுப் பயணம் உண்டு. தலைப்பைத்தான் திறந்து விட்டிருக்கிறேன். அவர்களும் குளத்தையே எழுதிக்கொண்டு வந்தால் நான் என்ன செய்ய?