டியூபும் டயரும்: விண்வெளி உடை எப்படி வேலை செய்கிறது

விண்வெளி உடை என்றதும் பலரும் குளிர், வெயில், கதிர்வீச்சு என்று வெளியே இருக்கும் ஆபத்துகளைத்தான் நினைப்பார்கள். உடை தைப்பவர்களுக்குத் தலைவலி வெளியே இல்லை, உள்ளே அடைத்திருக்கும் காற்றில் இருக்கிறது. நன்றாகக் காற்றடித்த சைக்கிள் டியூபை நடுவில் மடக்கிப் பாருங்கள். பிடியை விட்டதும் நிமிர்ந்துவிடும். அதே டியூபுக்குள் முழங்கை, முழங்கால், பத்து விரல் எல்லாம் இருந்தால்? விண்வெளி உடையின் கதை பெரும்பாலும் அந்த டியூபை மடக்கப் பார்த்த கதைதான்.

காற்றே இல்லாமல் விடவும் முடியாது. சுமார் 19 கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே அழுத்தம் 6.3 கிலோபாஸ்கலுக்குக் கீழே போய்விடும்; அங்கே 37 டிகிரி உடல் சூட்டிலேயே தண்ணீர் கொதிக்கும். தரையில் நம்மைச் சுற்றியிருப்பது 101 கிலோபாஸ்கல். அதை அப்படியே உடைக்குள் அடைத்தால் ஆள் மரப்பொம்மைபோல விறைத்து நிற்பார். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு மட்டும் பார்த்தால் 21 கிலோபாஸ்கல்தான். அதனால் நைட்ரஜனை விட்டுவிட்டு, தூய ஆக்சிஜனைக் குறைந்த அழுத்தத்தில் அடைக்கிறார்கள். அமெரிக்கர்களின் ஈ.எம்.யூ உடையில் 29.6 கிலோபாஸ்கல், ரஷ்யர்களின் ஓர்லானில் 40, நிலவுக்குப் போன அப்பல்லோ உடையில் சுமார் 25.5.

29.6 என்பது சின்ன எண்ணாகத் தெரியும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 300 கிராம் தள்ளுகிறது, அவ்வளவுதான். ஆனால் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள மணிக்கட்டு வளையத்தில் அது சுமார் 24 கிலோ எடைக்குச் சமம். கையுறையைக் கையிலிருந்து பிடுங்கி எறியப் பார்க்கும் விசை. முழங்கையை மடக்கும்போது உள்ளிருக்கும் இடம் 100 கன சென்டிமீட்டர் சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மடக்கலுக்கு 3 ஜூல் வேலை. ஒரு கிலோ எடையை 30 சென்டிமீட்டர் தூக்குவதற்குச் சமம். ஒரு தடவை என்றால் ஒன்றுமில்லை. விண்கலத்துக்கு வெளியே போய் வேலை பார்க்கும் விண்வெளி நடையில் ஆறரை மணி நேரம், ஆயிரக்கணக்கான தடவை என்றால் தோள் கழன்றுவிடும்.

1965 மார்ச் 18 அன்று அலெக்ஸி லியோனோவ் முதல் ஆளாக விண்வெளியில் இறங்கியபோது நடந்தது இதுதான். 12 நிமிடத்தில் அவருடைய பெர்கூத் உடை உப்பி, விரல்கள் கையுறையிலிருந்தும் பாதங்கள் காலணியிலிருந்தும் விலகிவிட்டன. ஒரு மீட்டர் அகலமே இருந்த காற்றறைக்குள், அதாவது கலத்துக்கும் வெற்றிடத்துக்கும் நடுவே உள்ள இடைவழி அறைக்குள், கால் முதலில் நுழைய வேண்டும் என்பது திட்டம். அவர் தலை முதலில் நுழைந்தார். அதற்கும் வால்வைத் திறந்து அழுத்தத்தை 40இலிருந்து ஏறத்தாழ 27க்கு இறக்க வேண்டியிருந்தது. அழுத்தம் குறைந்ததும் உடை தளர்ந்தது, உயிர் பிழைத்தார்.

உப்பலை அடக்குவது டியூபுக்கு மேலே போடும் டயர். உள்ளே யூரிதேன் பூசிய நைலான் காற்றுப்பை. அது காற்றைப் பிடித்து வைக்கும், வேறு எதற்கும் ஆகாது. அதற்கு மேலே நீளாத டேக்ரான் துணி; காற்றுப்பை எந்த அளவுக்கு உப்பலாம் என்பதை அந்தத் துணியின் வெட்டும் தையலும்தான் தீர்மானிக்கின்றன. இரண்டுக்கும் வெளியே அலுமினியம் பூசிய மெல்லிய மைலார் தாள்கள் பல அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே கெவ்லார், நோமெக்ஸ், கோர்டெக்ஸ் மூன்றும் சேர்த்து நெய்த வெள்ளைத் துணி. வெயில், குளிர், நுண்கற்கள் எல்லாம் இந்த வெளி அடுக்குகளின் பாடு. உள்ளாடையிலிருந்து எண்ணினால் ஈ.எம்.யூவில் 14 அடுக்கு.

மூட்டுகளில்தான் சாமர்த்தியம். மடக்கும்போது ஒரு பக்கம் சுருங்கும் இடத்தை மறு பக்கம் விரிந்து ஈடுகட்டினால் மொத்த இடம் மாறாது. இடம் மாறாவிட்டால் வேலையும் மிச்சம். அப்பல்லோ உடையில் இதற்கு ரப்பரில் வார்த்த, ஆர்மோனியத் துருத்திபோல மடிப்பு மடிப்பான மூட்டுகள் வைத்தார்கள். செய்தது உள்ளாடை விற்ற பிளேடெக்ஸ் நிறுவனத்தின் உடன்பிறப்பான ஐ.எல்.சி. தையல்காரப் பெண்களுக்குக் கொடுத்த பிழை வரம்பு 0.8 மில்லிமீட்டர். குண்டூசிக்குக் கடும் கட்டுப்பாடு. ஒரு தடவை அடுக்குகளுக்கு நடுவே ஊசி ஒன்று மாட்டியிருந்ததால், தைத்த உடைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் வழக்கம் வந்தது. ராக்கெட்டைவிட இந்தத் தையல்தான் எனக்கு வியப்பு.

அந்தத் தையலையும் நிலவுத் தூசி விட்டுவைக்கவில்லை. காற்றும் மழையும் தேய்க்காத தூசி, கண்ணாடித் தூள் மாதிரி கூராக இருக்கும். அப்பல்லோ 12இல் பீட் கான்ராட்டின் உடை முதலில் நிமிடத்துக்கு 1 கிலோபாஸ்கல் கசிந்தது. இரண்டாம் நிலவு நடைக்குப் பின் அது 1.7 ஆனது. அனுமதித்த வரம்பு 2.1. மூன்றாவதாக ஒரு நடை இருந்திருந்தால் யோசிக்க வேண்டியிருந்திருக்கும்.

அழுத்தத்தைக் குறைத்தால் மடக்குவது எளிது. அப்புறம் ஏன் ரஷ்யர்கள் 40இல் நிற்கிறார்கள்? சோடா பாட்டில் மூடியைத் திறந்ததும் குமிழி கிளம்புமே, நம் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்திருக்கும் நைட்ரஜன் அதையேதான் செய்யும். விண்வெளி நிலையத்துக்குள் இருக்கும் 101 கிலோபாஸ்கலிலிருந்து சட்டென்று உடையின் 29.6க்கு இறங்கினால் மூட்டு வலியில் தொடங்கி பக்கவாதம்வரை போகலாம். அதனால் முன்கூட்டியே தூய ஆக்சிஜன் சுவாசித்து நைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். உடைக்குள் சும்மா இருந்தபடி செய்தால் 4 மணி நேரம். காற்றறையை 70 கிலோபாஸ்கலுக்கு இறக்கி, உடைக்குள் கைகாலை மெல்ல அசைத்து ரத்த ஓட்டத்தைக் கூட்டி நேரத்தைக் குறைக்கிறார்கள். ஓர்லானில் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். விலையைக் கை விரல்கள் கொடுக்கும். நாசா 57 கிலோபாஸ்கலில் இயங்கும் மார்க் 3 என்ற உடையையும் செய்து பார்த்தது. முன்சுவாசமே தேவையில்லை, ஆனால் மூட்டுகளுக்கு உலோகப் பாகமும் தாங்கு வளையமும் வைத்ததில் எடை கூடிவிட்டது. ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவும்.

சூடு அடுத்தது. வெற்றிடம் என்பது மிகப்பெரிய பிளாஸ்க். உடல் சூடு எங்கும் போகாது. 1966 ஜூனில் ஜெமினி 9இல் யூஜின் செர்னனின் உடையைக் குளிர்விக்க ஆக்சிஜன் ஓட்டம் மட்டுமே இருந்தது. இரண்டு மணி நேரத்தில் முகக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, மூக்கால் தேய்த்து ஓட்டை போட்டு வெளியே பார்த்தார். இதயத் துடிப்பு 180ஐத் தொட்டது. அதற்குப் பிறகுதான் தண்ணீர் ஓடும் உள்ளாடை கட்டாயமானது. ஈ.எம்.யூவின் உள்ளாடையில் சுமார் 90 மீட்டர் மெல்லிய குழாய் பின்னியிருக்கும்.

அந்தத் தண்ணீர் சுமந்து வரும் சூட்டை எங்கே கொட்டுவது? இங்கே மண்பானைத் தத்துவம். முதுகுப்பெட்டியில் நுண்துளைகள் கொண்ட உலோகத் தகடு ஒன்று. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வெற்றிடம். துளைக்குள் வந்த தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகி ஓட்டையை அடைக்கும், அந்தப் பனி நேரே ஆவியாகிப் போகும், அதன் இடத்தில் அடுத்த துளி வரும். ஒரு கிலோ பனி இப்படிப் போகும்போது ஏறத்தாழ 2,800 கிலோஜூல் சூட்டைக் கொண்டுபோகும். ஒரே குறை, வெற்றிடம் இல்லாவிட்டால் இது வேலை செய்யாது. அதனால் காற்றறைக்குள் இருக்கும்வரை நிலையத்திலிருந்து வரும் குழாய்தான் குளிர்விக்கும். 2024 ஜூன் 24 அன்று ட்ரேசி டைசனின் உடையில் அந்தக் குழாய் இணைப்பில் தண்ணீர் கசிய, நடையே ரத்தானது. செவ்வாயில் காற்றழுத்தம் சுமார் 0.6 கிலோபாஸ்கல், இந்தத் தகடு அங்கே சரிப்பட்டு வராது, வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

முதுகுப்பெட்டியில் இன்னொரு பாகத்தையும் சொல்லியாக வேண்டும். காற்றைச் சுழற்றும் விசிறி, தண்ணீரைத் தள்ளும் பம்ப், வியர்வை ஈரத்தைக் காற்றிலிருந்து பிரிக்கும் உருளை, மூன்றையும் ஒரே மோட்டார் ஓட்டுகிறது. விசிறி நிமிடத்துக்கு 19,000 சுற்றுக்கு மேல் சுழலும். எடையைக் குறைக்க அருமையான யோசனை. ஆனால் தண்ணீர்ப் பாதையும் சுவாசக் காற்றின் பாதையும் அங்கே அண்டை வீடாகிவிடுகின்றன. 2013 ஜூலை 16 அன்று லூகா பர்மிதானோ வெளியே போய் 44 நிமிடத்தில் பின்தலையில் ஈரம் உணர்ந்தார். உருளையின் சிறு துளைகளைச் சிலிக்கா படிவு அடைத்துவிட்டதால் தண்ணீர் காற்றுப் பாதையில் பொங்கி, தலைக்குப் பின்னால் உள்ள காற்றுவாய் வழியாகத் தலைக்கவசத்துக்குள் வந்தது. எடையற்ற நிலையில் தண்ணீர் கீழே வடியாது. முகத்தில் கூழ்போல ஒட்டிக்கொண்டு கண்ணையும் மூக்கையும் மூடியது. கடைசியில் தேறிய அளவு ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டர்.

எரிச்சலூட்டும் விஷயம், ஒரு வாரம் முன்பு ஜூலை 9 நடையிலும் அதே உடையில் தண்ணீர் வந்தது. குடிநீர்ப் பை கசிந்திருக்கும் என்று முடிவுகட்டி உடையை மறுபடி வெளியே அனுப்பினார்கள். பிற்பாடு தலைக்கவசத்தின் பின்புறம் உறிஞ்சும் பட்டையும், தண்ணீர் முகத்தை எட்டினால் இடுப்புப் பக்கத்துக் காற்றைச் சுவாசிக்க ஒரு குழாயும் சேர்த்தார்கள்.

கரியமில வாயுவுக்கு வெள்ளி ஆக்சைடு பெட்டி இருக்கிறது. நடை முடிந்ததும் நிலையத்தின் அடுப்பில் 14 மணி நேரம் வைத்து எடுத்தால் மறுபடி பயன்படும்.

கையுறைக்கு இன்றுவரை முழுத் தீர்வு இல்லை. விரல் மூட்டு சின்னது, துருத்தி வைக்க இடமில்லை. எனவே ஒவ்வொரு பிடியும் ரப்பர் பந்தை அமுக்குவது மாதிரி. விரல் நுனி கையுறையில் மோதி மோதி நகம் சதையிலிருந்து கழன்று போவது வீரர்களிடையே சகஜம். நிலையத்தின் வெளியே உள்ள கைப்பிடிக் கம்பிகளில் நுண்கற்கள் அடித்த பள்ளங்களின் விளிம்பு பிளேடுபோல நிற்கும். 2007 ஆகஸ்டில் ரிக் மாஸ்திராக்கியோவின் இடது கட்டைவிரல் உறையில் கிழிசல் தெரிய, நடையைப் பாதியில் முடித்தார்கள். காற்றுப்பைவரை போகவில்லை. இப்போதெல்லாம் நடையின் நடுநடுவே கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது வேலை அட்டவணையிலேயே இருக்கிறது.

ஏவும்போதும் இறங்கும்போதும் அணியும் உடை வேறு ரகம். 1971இல் சோயுஸ் 11 இறங்கும்போது வால்வு திறந்துகொள்ள, உடையில்லாமல் இருந்த மூவரும் இறந்தார்கள். அதன் விளைவாக வந்ததுதான் சோகோல். 1984இல் ராகேஷ் சர்மா அணிந்து போனதும் அந்த வகைதான். உட்கார்ந்த நிலைக்குத் தைத்தது, அதனால் நின்றால் கூன் விழும்.

ஈ.எம்.யூ முதலில் வெளியே போனது 1983 ஏப்ரலில். செய்த 18 முதுகுப்பெட்டிகளில் 2017 கணக்குப்படி மிச்சம் 11. அதன் மார்புக் கூடு கண்ணாடியிழை. கீழிருந்து கையைத் தூக்கி நுழைய வேண்டியிருப்பதால் தோள்பட்டைக் காயம் பலருக்கு. ஓர்லானில் முதுகுப்பெட்டியே கதவு. திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொள்ளலாம், ஆள் உதவி வேண்டாம். நிலவுக்காக ஆக்சியம் நிறுவனம் செய்யும் புது உடையும் பின்கதவு வகைதான். 1977இலிருந்து ரஷ்யர்கள் விண்வெளியில் பயன்படுத்திய வழிக்கு அமெரிக்கர்கள் வந்து சேர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.