ஊர் பெயர்

எங்கள் பதிப்பகம் போட்ட அந்தச் சிறுகதைத் தொகுப்பில் ஊர் பெயரை மாற்றச் சொன்னது நான்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

எழுதியவர் தாமிரபரணிக் கரைப் பக்கம் பீடி சுற்றும் குடும்பத்துப் பெண். ஒரு கதை முழுக்கப் பீடிக்கடைத் திண்ணையில் நடக்கிறது. கட்டுக்கு 25 பீடி. ராத்திரியெல்லாம் மடியில் தட்டை வைத்துச் சுற்றிய கட்டுகளைக் கடைக்காரர் வாங்கி உருட்டுகிறார். ஒரு பீடியைப் பிரித்துத் தூளை விரலால் தள்ளிப் பார்க்கிறார். 'சரியில்ல' என்று ஒரு கட்டை அப்படியே ஒடித்துப் போடுகிறார். எதிரே நிற்கும் அம்மா வாய் திறப்பதில்லை. நகத்திடுக்கில் ஒட்டிய தூளைக் கிள்ளிக்கொண்டே நிற்கிறாள். இந்த இடத்தில் கைவைக்க எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் அந்த ஊரில் பீடிக்கடை ஒன்றுதான். எழுதியவருடைய அம்மா இன்றும் அந்தக் கடைக்குத்தான் சுற்றுகிறார்.

"ஏம்மா, ஊர் பேரை மட்டும் மாத்திருவோமா?"

"எதுக்கு அண்ணாச்சி? எங்க ஊருக்காரவ படிக்கணும்னுதான எழுதுனேன்."

"கடைக்காரர் படிச்சா?"

"படிக்கட்டும்னுதான்."

"நாளைக்கு அம்மைக்குப் பீடி சுத்த இலை குடுக்க மாட்டேன்னுட்டா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்யுங்க அண்ணாச்சி" என்றார். அது சம்மதமா, மனம் விட்டுப்போய்ச் சொன்னதா? அன்றைக்குச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

எனக்கும் காரணம் இருந்தது. 2015 ஜனவரியில் எழுத்தாளர் பெருமாள்முருகனை 'மாதொருபாகன்' நாவலுக்காக நாமக்கல்லில் பேச்சுவார்த்தை என்று உட்காரவைத்து என்ன பாடு படுத்தினார்கள் என்பதைப் பார்த்தவர்கள் நாங்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பெயர் தெரிந்த எழுத்தாளருக்கே அதுவரை ஒன்றரை வருஷம். 200 பிரதி அச்சடிக்கும் பதிப்பகம் ஒரு பீடித் தொழிலாளிக்கு என்ன காவல் நிற்க முடியும்? வக்கீலுக்குக் கொடுக்கவும் எங்களிடம் பணமில்லை.

அப்படியென்றால் எதற்காக இந்த ஊரில் உட்கார்ந்து பதிப்பகம் நடத்துகிறோம் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. எழுத்தாளர்கள் கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல் கிராமத்தை வாசகர்கள் கதை வழியாகத்தான் தெரிந்துகொண்டார்கள். சிவகங்கையில் இருந்தபடியே கவிஞர் மீரா 'அன்னம்' பதிப்பகம் நடத்திக் காட்டியதுதான் எங்களுக்குத் தெம்பு. உள்ளூர்க் கதை உள்ளூர்ப் பெயரோடு வர வேண்டும் என்று மேடை தோறும் பேசுகிறவன் நான். அதே கையால்தான் ஒரு ஊரின் பெயரை அடித்தேன். அவர்கள் காலத்தை இந்தக் காலத்தோடு ஒப்பிட முடியாதுதான். அதைச் சொல்லிக்கொள்ளும்போதே, சௌகரியத்துக்காகச் சொல்கிறேனோ என்றும் படுகிறது.

புத்தகத் திருவிழாவில் எங்கள் அரங்கில் ஒரு பெரியவர் அந்தக் கதையை நின்றபடியே முழுக்கப் படித்தார். "இந்தப் பேருல நம்ம பக்கம் ஊரே கெடையாதே. சும்மா எழுதுனதா?" என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தை அடுக்கில் வைத்தார். எழுதியவர் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். சும்மா எழுதினதில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அடுத்த கேள்வி எந்த ஊர் என்பதாகத்தான் இருந்திருக்கும். அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கடைக்காரரால் இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. பெயரை மாற்றியதாலா, அவர் புத்தகமே படிப்பதில்லை என்பதாலா, தெரியாது.

இப்போது இரண்டாம் அச்சுக்குப் போக வேண்டும். ஊர் பெயரைத் திரும்பப் போடலாமா என்று போனில் கேட்டேன். "அம்மைக்கு இன்னும் பி.எஃப். பணம் வரல அண்ணாச்சி" என்றார். போட வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அச்சகத்துக்கு இன்னும் கோப்பை அனுப்பவில்லை.