கர்ணனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது

வழக்கில் சிக்கிய சிறுவர்களை விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் நாடகம் போடலாமா என்று கேட்டால், ‘போதைக்கு எதிரா ஏதாவது செய்யுங்க சார்’ என்பார்கள். அந்த மாதிரி நாடகத்தில் பையன்களுக்கு என்ன வேஷம் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? கெட்டுப்போன பையன்தான். அந்த அறிவுரையெல்லாம் காவல் நிலையத்திலேயே கேட்டு முடித்தவர்கள் அவர்கள். அதனால் நான் தெருக்கூத்தைத்தான் கொண்டுபோகிறேன், பெரும்பாலும் பாரதப் போரில் கர்ணன் விழும் கதையான கர்ண மோட்சம். வடமாவட்டப் பையன்கள் சிலர் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியப் பார்த்திருப்பார்கள். அவர்களே மற்றவர்களுக்குக் கதை சொல்லிவிடுவார்கள்.

திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டு வரும் வேஷத்தைக் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் மடக்குவான்: யார் நீங்க, எந்த நாடு, என்ன பேரு? உள்ளே வந்த நாளிலிருந்து இதே கேள்விகளுக்குத் தலைகுனிந்தே பதில் சொன்ன பையன், இங்கே நெஞ்சை நிமிர்த்தி ‘அங்க தேசத்து ராஜா’ என்கிறான். ஆனால் போட்டி கர்ணன் வேஷத்துக்கு இல்லை, கட்டியக்காரனுக்குத்தான். ராஜாவையே கிண்டலடிக்கலாம், அடி விழாது. ஒருவன் வார்டன் நடையை அப்படியே நடந்து காட்டினான். நல்லவேளை, வார்டனும் சிரித்துவிட்டார்.

இங்கே இருப்பவர்கள் விசாரணை முடியாதவர்கள். 4 மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடுவில் எந்த நாளும் கர்ணன் ஜாமீனில் போய்விடலாம். போகவும் செய்தான். கூத்து அதைத் தாங்கும். பாட்டைப் பின்பாட்டுக்காரர்கள் இழுத்துக்கொள்வார்கள், வசனத்தைச் சொந்தமாகவே பேசிக்கொள்ளலாம்.

முகம் பார்க்கும் கண்ணாடியை இல்லத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. அதனால் ஒருவன் முகத்துக்கு இன்னொருவன்தான் அரிதாரம் பூச வேண்டும். சாப்பாட்டு வரிசையில் கைகலந்த இரண்டு பேர் அப்படி ஜோடி சேர்ந்தார்கள். கண்ணோரம் மை இழுக்கும்போது இருவருமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் படம் பிடித்து வெளியிட முடியாது. சிறுவர்களின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. நிதி கொடுப்பவர்கள் போட்டோ கேட்பார்கள். இல்லை என்று சொல்வதில் எனக்கு வருத்தமே இல்லை.

போருக்குப் புறப்படும் கர்ணனை அவன் மனைவி பொன்னுருவி, பிறப்புத் தெரியாதவன் என்று இகழும் கட்டம் ஒன்று உண்டு. ஒத்திகையில் பொன்னுருவியாக நின்றவன் திடீரென்று, ‘உங்க அம்மா ஏன் உங்களப் பார்க்க வரல?’ என்று கேட்டுவிட்டான். கதையிலேயே இல்லாத கேள்வி. கர்ணன் கொஞ்சம் யோசித்து, ‘வருவாங்க. நான் விழுந்தப்புறம் வருவாங்க’ என்றான். மத்தளக்காரப் பையன் ஓர் அடி போட, பாட்டு தொடர்ந்தது.

அப்புறம் ஆலோசகர், இதைப் பற்றி அவனிடம் பேசலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவன் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அது வேறு விஷயம். மற்றபடி, வேஷத்தில் பேசியதை வேஷம் கலைந்தபின் விசாரித்தால், அடுத்த ஒத்திகையில் எவனும் வாய் திறக்க மாட்டான். அவனாக வந்து சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, கர்ணனின் தேரோட்டி சல்லியன் தேரை விட்டு இறங்கும் இடத்துக்கு ஆள் தேடப் போனேன்.