வங்கிக்குப் பொருந்தும் தலைமைத்துவ ஆய்வு திணைக்களத்துக்கும் பொருந்துமா?

கொழும்பில் நடக்கும் முகாமைத்துவப் பட்டறைகளில் இரண்டு குரல்கள் தவறாமல் ஒலிக்கும். "ஆய்வில் நிரூபித்திருக்கிறார்கள்" என்பது மேடையிலிருந்து. "அதெல்லாம் அமெரிக்காவுக்கு, இங்கே சரிவராது" என்பது பின்வரிசையிலிருந்து. இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். எந்த நாட்டு ஆய்வு என்று கேட்பதற்கு முன்னர், அங்கே தலைவரின் செயல் எந்த வழியால் பலன் தந்தது, அந்த வழி நம் நிறுவனத்தில் திறந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். கோட்டையில் அடுத்தடுத்து நிற்கும் ஒரு தனியார் வங்கிக்கும் ஓர் அரச திணைக்களத்துக்கும் இதற்கான விடை ஒன்றாக இருக்காது.

உருமாற்றத் தலைமைத்துவம், அதாவது ஓர் இலட்சியத்தைக் காட்டி ஊழியரை ஊக்குவிக்கும் பாணி, பற்றி ஜட்ஜும் பிக்கோலோவும் 2004இல் பல ஆய்வுகளைத் திரட்டி வெளியிட்ட மெட்டா பகுப்பாய்வில், அந்தப் பாணிக்கும் ஊழியர் திருப்தி, பெறுபேறு போன்றவற்றுக்கும் இடையிலான சராசரி இணைபு (0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.44. வேலைக்கேற்ற வெகுமதி தரும் பாணிக்கு 0.39. இவை நல்ல எண்கள்தான். ஆனால் 0.44இன் வர்க்கம் ஏறத்தாழ 0.19, பெறுபேறுகளிடையே உள்ள வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட அதனால் விளக்கப்படுவதில்லை. சராசரி என்பதையும் மறக்கக் கூடாது. நிறுவனத்துக்கு நிறுவனம் உண்மையான இணைபு எவ்வளவு சிதறுகிறது என்பதைக் காட்டும் நியம விலகல் 0.2 என்று வைத்துக்கொண்டால், பத்தில் எட்டு நிறுவனங்கள் 0.18க்கும் 0.70க்கும் இடையில் எங்கேயோ இருக்கும். நமது நிறுவனம் எந்த முனையில் இருக்கிறது என்பதைச் சராசரி சொல்லாது.

அடுத்து, எதை அளந்தார்கள் என்று பாருங்கள். மேலதிகாரியின் பாணிக்கும் அவருடைய திறமைக்கும் ஒரே ஊழியர், ஒரே வினாக்கொத்தில் புள்ளி போட்டால் இணைபு ஊதிப் பெருகும். பிடித்த மேலதிகாரிக்கு இரண்டிலும் நல்ல புள்ளிதான் விழும். லோவும் சகாக்களும் 1996இல் திரட்டிய ஆய்வுகளில், ஊழியரின் மதிப்பீட்டோடு இருந்த தொடர்பு நிறுவனத்தின் சொந்தப் பதிவுகளோடு இருந்ததைவிட மிக வலுவாக இருந்தது. உங்கள் இலக்கு நிலுவைக் கடனைக் குறைப்பது என்றால், பதிவுகளோடு கிடைத்த அந்தச் சிறிய எண்ணையே நம்புங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமாக நான் கருதுவது அதிகாரம். வெகுமதி பற்றிய முடிவு, வெகுமதி கொடுக்கக்கூடிய தலைவர்களிடமிருந்து வந்தது. தனியார் வங்கிக் கிளை முகாமையாளரின் மதிப்பீடு ஊழியரின் போனஸில் தெரியும். திணைக்களத்தில் சம்பள ஏற்றம் சம்பள அளவுத்திட்டப்படியும் சுற்றறிக்கைப்படியும் வரும். பதவியுயர்வு சேவைப் பிரமாணக் குறிப்புப்படியும் தடைதாண்டல் பரீட்சைப்படியும் வரும். பிரிவுத் தலைவர் கையில் மிஞ்சுவது கடமைப் பங்கீடு, பயிற்சிக்கான சிபாரிசு, லீவு ஒழுங்கு, மேலதிக நேரம் போன்றவை. அந்த ஆய்வை இங்கே கொண்டுவருவதென்றால் இவற்றுக்கேற்ப மாற்றி எழுத வேண்டும். மாற்றாமல் கொண்டுவந்தால், தலைவர் தர முடியாததை வாக்களிப்பார். ஆறு மாதத்தில் அவர் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள்.

தனியார் துறையிலும் எல்லை உண்டு. 15 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் தொழிலிடங்களில், ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த பணிநீக்கத்துக்கு ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டுச் சட்டம். நினைத்தவுடன் ஆளை அனுப்பக்கூடிய இடத்தில் பிறந்த ஆலோசனையை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது.

சில இடங்களில் தலைவரின் வேலையை வேலைமுறையே செய்துவிடுகிறது. கெர்ரும் ஜெர்மியரும் 1978இல் சொன்னது இதைத்தான். ஒவ்வொரு தையலுக்கும் நிமிடக் கணக்கு போட்டு வைத்த ஆடைத் தொழிற்சாலை லைனில், "என்ன செய்ய வேண்டும்" என்று சூப்பர்வைசர் மேலும் விளக்குவதால் பெரிய பலன் இல்லை. மனிதராக நடத்துவதில்தான் அவருக்கு இடம் மிச்சம் இருக்கிறது.

ஊழியர் யார் என்பதும் முடிவையே புரட்டும். கிராண்ட், ஜீனோ, ஹோஃப்மன் மூவரும் 2011இல் வெளியிட்ட, அமெரிக்கப் பீட்சாச் சங்கிலியின் 57 கடைகளில் நடந்த ஆய்வில், சொன்னதைச் செய்யும் ஊழியர் இருந்த கடைகளில் கலகலப்பான தலைவர்கள் கூடுதல் இலாபம் எடுத்தார்கள். தாமாக யோசனை சொல்லும் ஊழியர் இருந்த கடைகளில் அதே தலைவர்களுக்கு இலாபம் குறைந்தது. நாடும் ஒன்று, நிறுவனமும் ஒன்று.

பண்பாட்டை ஒதுக்கச் சொல்லவில்லை. தலைவரிடம் எந்தப் பண்புகள் விரும்பப்படுகின்றன என்று 62 சமூகங்களில் ஆராய்ந்த குளோப் திட்டத்தில் நேர்மை போன்ற சில பண்புகள் எங்கும் விரும்பப்பட்டன. வேறு பல இடத்துக்கு இடம் மாறின. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. இந்தியாவின் புள்ளியை எடுத்து நமக்கு ஒட்டுவது சோம்பல்.

ஆகவே சோதித்துப் பார்க்க வேண்டும். பார்லிங், வெபர், கெலோவே 1996இல் காட்டிய வழி நமது வங்கிகளுக்கும் எட்டக்கூடியது: ஒரு வங்கியின் 20 கிளை முகாமையாளர்களை எழுமாறாகப் பிரித்து, 9 பேருக்குப் பயிற்சி கொடுத்து, 11 பேரோடு ஒப்பிட்டார்கள். ஊழியரின் கருத்தோடு கடன் விற்பனையையும் அளந்தார்கள்.

இங்கே செய்யும்போது வழக்கமாகச் சறுக்குவது தலை எண்ணிக்கையில். எட்டு முகாமையாளரின் கீழ் 25 பேர் வீதம் 200 வினாக்கொத்து கிடைத்தால், அது 200 சுயாதீனமான விடைகள் அல்ல. ஒரே தலைவரின் கீழ் உள்ளவர்களின் விடைகளிடையே ஒற்றுமை (0 முதல் 1 வரையான அளவில்) 0.1 இருந்தாலே, 200ஐ 3.4ஆல் (1 + 24 × 0.1) வகுக்க வேண்டும். மிஞ்சுவது சுமார் 59. வினாக்கொத்தை ஆங்கிலக் கூகுள் படிவமாக மட்டும் அனுப்பினால் விடை எழுதுவோர் பெரும்பாலும் நிறைவேற்றுத்தர ஊழியர்களே.

காலமும் முக்கியம். மார்ச்சில் முன்னளவீடும் மே மாதத்தில் பின்னளவீடும் எடுத்தால், சித்திரைப் புத்தாண்டுக் கொடுப்பனவும் விடுமுறையும் பயிற்சியின் விளைவோடு கலந்துவிடும். பயிற்சி பெறாத குழு ஒன்று அதே நாட்களில் அளக்கப்பட்டால் மட்டுமே பிரித்தறியலாம். இடையில் இடமாற்றம் பெறும் முகாமையாளரை என்ன செய்வது என்பதையும் ஆரம்பத்திலேயே எழுதி வையுங்கள். முதலில் எந்தக் குழுவில் விழுந்தாரோ அந்தக் குழுவிலேயே அவருடைய கிளையைக் கணக்கில் எடுப்பது சரி. முடிவைப் பார்த்த பிறகு அவரை நீக்கக் கூடாது.