ஹாலேயில் ஞாயிற்றுக்கிழமை

ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்கு வந்த மூன்றாவது வாரம். ஞாயிறு காலை ஒன்பது மணி இருக்கும். சேர்ந்துபோன காலிப் பாட்டில்களைப் பையில் அள்ளிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். வெள்ளைக் கண்ணாடிக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, பழுப்புக்கு ஒன்று என்று அங்கே தனித்தனித் தொட்டிகள். இரண்டு பாட்டில்தான் போட்டிருப்பேன், மூன்றாம் மாடி ஜன்னல் திறந்தது. "இன்று ஞாயிற்றுக்கிழமை!" என்று ஒரே ஒரு சத்தம். ஜன்னல் சாத்திக்கொண்டது. மீதிப் பாட்டில்கள் கலகலக்காமல் இருக்கப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

அந்தப் பெரியவரோடு பிறகு மாடிப்படியில் பேசிப் பழக்கமாயிற்று. பழைய கிழக்கு ஜெர்மனியில் ரசாயன ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைக்காக அவ்வளவு கோபப்பட்டாரே, பெரிய பக்திமானாக இருப்பார் என்று நினைத்து, எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். சிரித்தார். ஞானஸ்நானமே எடுக்கவில்லையாம். சர்ச்சுக்குள் கால் வைத்தது எல்லாம் கச்சேரி கேட்கத்தானாம்.

எனக்கு ஊர் பொறையாறு. தரங்கம்பாடி கூப்பிடு தூரம். டென்மார்க் ராஜா அனுப்பி 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் (பாதிரியாரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்போம்) படித்தது இந்த ஹாலேயில்தான். அவர் அச்சடித்த தமிழ்ப் புத்தகங்களுக்கு முதல் எழுத்துகளை வார்த்து அனுப்பியதும் இங்கிருந்துதான். ஓய்வுநாள் பள்ளியில் இந்த ஊர்ப் பேரை மனப்பாடமாகச் சொல்லி வளர்ந்தவள் நான். செவிலியர் வேலைக்கு ஏஜென்சி மூன்று ஊர் சொன்னபோது, சம்பளத்தைக்கூடப் பார்க்காமல் ஹாலே என்றேன். ஊர் முழுக்க மணியோசையும் ஞானப்பாட்டுமாக இருக்கும் என்று ஒரு நினைப்பு.

மணி அடிக்கத்தான் செய்கிறது. கேட்டு வருவதற்குத்தான் ஆள் இல்லை. நாற்பது வருஷம் அரசாங்கமே சபையை ஒதுக்கிவைத்த பூமி. இன்று ஹாலேயில் பெரும்பாலானோர் எந்தச் சபையிலும் சேராதவர்கள். சந்தைச் சதுக்கத்தில் நான்கு கோபுரத்தோடு நிற்கும் பெரிய சர்ச்சில் எங்கள் லுத்தரன் சபைக்கு மூலவரான லூத்தரின் சாவு முகமூடி, இறந்த முகத்தில் அச்செடுத்தது, இருக்கிறது, இசைமேதை ஹாண்டல் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றார், ஆகவே சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள். நான் போகும் சின்னச் சர்ச்சில் இருபது பேர் இருந்தால் அன்றைக்குக் கூட்டம். முதல் ஞாயிறு ஆர்கன் தொடங்கியதும் ராகம் பிடிபட்டுவிட்டது, எங்கள் ஊரில் பாடுகிற அதே ராகம். வாய் தன்பாட்டுக்குத் தமிழில் பாடத் தொடங்கியது. முன்வரிசைப் பாட்டி திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

பதிவு அலுவலகத்தில் குடிபுகுந்ததைப் பதியும்போது படிவத்தில் சமயம் என்று ஒரு கட்டம் இருந்தது. பெருமையாக லுத்தரன் என்று எழுதினேன். முதல் சம்பளச் சீட்டில் அதன் பலன் தெரிந்தது: சர்ச் வரி. இந்த மாநிலத்தில் வருமான வரியில் நூற்றுக்கு 9. அரசாங்கமே பிடித்துச் சபைக்குக் கொடுத்துவிடும். அம்மாவிடம் போனில் சொன்னேன். "சர்க்காரே சந்தா பிரிச்சுத் தருதா? நம்ம சந்தாக்காரர் காதுல போடாதடி" என்றாள். கூட வேலை பார்க்கும் மேற்கு ஜெர்மன் பெண் ஒருத்தி முதல் சம்பளம் வாங்கிய மாதமே சபையிலிருந்து பெயரை எடுத்துவிட்டாளாம். வரி மட்டும் காரணமில்லை. பாதிரிமார் குழந்தைகளிடம் தகாத முறையில் நடந்துகொண்டதைப் பற்றி 2018இல் கத்தோலிக்க ஆயர்களே வெளியிட வேண்டிவந்த ஆய்வு 3,677 பேர் பாதிக்கப்பட்டதாகச் சொன்னது. அதற்குப் பிறகும் எப்படிப் பணம் கட்டுவது என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. என் பெயரை இன்னும் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

விசுவாசம் போன வீட்டில் வழக்கம் குடியிருப்பதை வார்டில்தான் கிட்டத்தில் பார்த்தேன். ஓர் இரவு நேர வேலையில் ஒரு முதியவர் இறந்துவிட்டார். நானும் கூட இருந்த செவிலியரும் முகம் துடைத்து, கையை நேராக்கி, போர்வையைச் சரிசெய்தோம். எனக்கு மூத்தவர் அவர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், கடவுள் இல்லை என்று காப்பி நேரத்தில் வாதாடுகிறவர். வேலை முடிந்ததும் நேரே போய் ஜன்னலைத் திறந்தார். வெளியே மைனஸ் நான்கு டிகிரி. ஏன் என்றேன். "ஆத்மா போக வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு, தானே கொஞ்சம் வெட்கப்பட்டு, "இங்கே அப்படித்தான் செய்வோம்" என்றார். வேதத்தில் எங்கும் இல்லாத வழக்கம் அது. இருவரும் குளிரில் பேசாமல் நின்றோம்.

ஞாயிறும் அந்த ஜன்னல் மாதிரிதான். கி.பி. 321இல் கான்ஸ்டன்டைன் பேரரசன் ஓய்வுநாளாக்கியது, ஜெர்மனியின் 1919 வைமார் அரசியல் சட்டத்தில் ஏறி, 1949 அரசியல் சட்டத்திலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது: வேலையிலிருந்து ஓய்வுக்கும் உள்ளத்தின் உயர்வுக்குமான நாள் என்று. பெர்லினில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறும் கடை திறக்க அனுமதித்தபோது சபைகள் வழக்குப் போட்டன, 2009இல் அரசியல் சட்ட நீதிமன்றத்தில் ஜெயித்தன. கடைச் சிப்பந்திகளின் தொழிற்சங்கம் இந்த விஷயத்தில் சபைகளின் பக்கம். எனக்கு முதலில் எரிச்சல்தான். சனிக்கிழமை பால் வாங்க மறந்தால் ஞாயிறன்று ரயில் நிலையக் கடைக்கு ஓட வேண்டும். ஆனால் ஊரில் துணிக்கடையில் வேலை பார்க்கும் என் தங்கைக்குத் தீபாவளி மாதத்தில் ஒரு ஞாயிறுகூடக் கிடையாது. அவளை நினைத்தால் அந்த எரிச்சல் அடங்கிவிடுகிறது.

பிராங்கே நிறுவனத்துக்குப் போனது ஆறு மாதம் கழித்து. 1695இல் இவ்வூர்ப் பாதிரியார் பிராங்கேயின் காணிக்கைப் பெட்டியில் ஒரு பெண் அந்தக் கால நாணயத்தில் 4 தாலர் 16 குரோஷன் போட்டாராம். அந்தப் பணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, 1698இல் அநாதை இல்லம் கட்ட ஆரம்பித்து, மருந்துக்கடை, அச்சகம் என்று தெரு நீளத்துக்கு வளர்த்துவிட்டார். மனுஷர் கறார்; பிள்ளைகள் விளையாடுவதே சோம்பேறித்தனம் என்று நினைத்தவர். சீகன்பால்கு 1713இல் நம் தெய்வங்களைப் பற்றி எழுதி அனுப்பிய புத்தகத்தை அச்சிட மறுத்தவரும் இவர்தான். அஞ்ஞானத்தை அழிக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்று கேட்டாராம். 1867இல் சென்னையில்தான் அது அச்சானது. இல்லத்தின் மேல்தளத்தில், கண்ணாடிக்குப் பின்னால், நம் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. எங்கள் ஊர் எழுத்து அது. ஓரம் கறுத்திருந்தது. மூக்கு கண்ணாடியில் படுகிற அளவுக்கு நெருங்கி இரண்டு எழுத்துதான் படிக்க முடிந்தது. காவலர் தொண்டையைச் செருமினார்.

திரும்பும் வழியில் ஒன்று உறுத்தியது. இங்கிருந்து நல்லது மட்டுமா வந்தது? தரங்கம்பாடிச் சபையில் ஆரம்பத்திலேயே சாதி பார்த்து உட்காரவைத்தார்கள். பிற்பாடு அந்தச் சபையை ஏற்று நடத்திய ஜெர்மன் லைப்சிக் மிஷனின் தலைவர் கிரவுல், திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்த அதே கிரவுல், சாதி சமூக ஏற்பாடுதான், மெதுவாகப் போகட்டும் என்று விட்டார். ஆங்கிலேயப் பாதிரிமார் அதற்காகச் சண்டையே போட்டார்கள். மெதுவாகப் போகட்டும் என்றது போகவே இல்லை. எந்தக் கல்லறை யாருக்கு என்று இன்றும் எங்கள் பக்கத்தில் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

இப்போது மகளுக்குப் பதின்மூன்று. வகுப்பில் பாதிப்பேர் வருகிற வசந்தத்தில் 'யூகண்ட்வையே' செய்கிறார்கள். வளர்ந்த பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே உறுதிசெய்யும் சபைச் சடங்கான திடப்படுத்தலுக்குப் போட்டியாக 1954இல் கிழக்கு ஜெர்மனி அரசு புகுத்திய சடங்கு. அரசு போய்விட்டது, சடங்கு போகவில்லை. புது உடுப்பு, மேடையில் பேச்சு, பூங்கொத்து, உறவினர் தரும் உறை, எல்லாம் திடப்படுத்தல் மாதிரியே. கடவுள் மட்டும் இல்லை. "நானும் போறேம்மா, எல்லாரும் போறாங்க" என்கிறாள். அம்மா ஞாயிறுதோறும் போனில், "பேத்திக்குத் திடப்படுத்தல் எப்பன்னு ஐயரைக் கேட்டியா?" என்கிறாள்.

இரண்டு படிவமும் ஃபிரிட்ஜ் கதவில் ஒரே காந்தத்தில் தொங்குகின்றன. போன ஞாயிறு மகள் வந்து, ரெண்டுக்கும் ஒரே உடுப்பு போதுமா என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே பாட்டில் பையைத் தூக்கினாள். "வை அதை, இன்னிக்கு ஞாயிறு" என்றேன்.