444 நாட்களுக்கு அப்பால் ஜிம்மி கார்ட்டர்

2024 டிசம்பர் 29 அன்று, ஜார்ஜியா மாநிலத்திலுள்ள தம் சொந்த ஊரான பிளெயின்ஸில் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் தமது 100ஆம் வயதில் காலமானபோது, பல நாட்டு இதழ்கள் வெளியிட்ட இரங்கல் கட்டுரைகளை அடுத்தடுத்து வாசித்தேன். ஒவ்வொரு நாடும் தனக்குரிய கார்ட்டரையே நினைவுகூர்ந்தது. இந்திய இதழ்கள், 1978 ஜனவரியில் அவர் வந்துபோன பிறகு கார்ட்டர்புரி என்று பெயர் மாறிய ஹரியானா கிராமத்தைப் பற்றி எழுதின. பனாமாவுக்கு அவர், பனாமா கால்வாயை அந்நாட்டிடமே ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் 1977இல் கையெழுத்திட்டவர். அந்தக் கால்வாயைத் திரும்பக் கேட்போம் என்று டிரம்ப் பேசியதும் அதே டிசம்பரில்தான் என்பதால், அந்த நினைவு வெறும் மரியாதையாக இருக்கவில்லை.

அமெரிக்கக் கட்டுரைகளிலோ ஈரானின் தலைநகர் டெஹ்ரான்தான் முன்னே நின்றது. 1979 நவம்பர் 4 அன்று அங்குள்ள அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டு, 52 பேர் 444 நாட்கள் பணயக்கைதிகளாக இருந்தனர். அந்நெருக்கடிக்காக ஏபிசி தொலைக்காட்சி தொடங்கிய இரவுச் செய்தித் தொகுப்பு, பின்னர் நைட்லைன் என்ற நிரந்தர நிகழ்ச்சியாகவே மாறியது. சிபிஎஸ் தொலைக்காட்சியின் செய்தி வாசிப்பாளர் வால்டர் கிராங்கைட், இன்று எத்தனையாவது நாள் என்று சொல்லித்தான் செய்தியை முடிப்பார். கார்ட்டருக்கு அடுத்த அதிபராக ரீகன் பதவியேற்ற சில நிமிடங்களில் கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள். இரவுதோறும் ஏறிக்கொண்டே போன அந்த எண், கேம்ப் டேவிட்டில் 13 நாட்கள் எகிப்து அதிபர் சதாத்தையும் இஸ்ரேல் பிரதமர் பெகினையும் வைத்துக்கொண்டு அவர் பேசி முடித்த உடன்பாட்டைக்கூடப் பின்னுக்குத் தள்ளிவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

அவரைக் குற்றமற்றவராகக் காட்டுவது என் நோக்கமன்று. 1977ஆம் ஆண்டின் கடைசி இரவில், டெஹ்ரான் விருந்தொன்றில், மன்னர் ஷாவின் ஈரானை நிலைத்தன்மையின் தீவு என்று புகழ்ந்தவரும் அவரே. மனித உரிமையைத் தம் வெளியுறவுக் கொள்கையின் மையம் என்று அறிவித்த ஒருவர் அப்படிப் பேசியதை ஈரானியர்கள் மறக்காததில் நியாயம் இருக்கிறது.

ஆனால் எந்தத் தொலைக்காட்சியும் இரவுதோறும் சொல்லாத இன்னோர் எண்ணும் இருந்தது. நம் கிராமங்களில் நரம்புச் சிலந்தி என்று அழைக்கப்பட்ட நோயை நினைத்துப் பாருங்கள்: அசுத்தமான குளத்து நீரைக் குடித்தவரின் உடலுக்குள் ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்து, சுமார் ஒரு மீட்டர் நீளப் புழுவாகப் பெரும்பாலும் காலைத் துளைத்துக்கொண்டு வெளிவரும், அதை ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, நாள்கணக்கில், சில வேளைகளில் வாரக்கணக்கில் இழுத்தெடுக்க வேண்டும். மருந்தும் தடுப்பூசியும் இல்லாத இந்நோயை 1986இல், அவர் நிறுவிய தொண்டு அமைப்பான கார்ட்டர் மையம் கையிலெடுத்தபோது ஆண்டுக்கு ஏறத்தாழ 35 லட்சம் பேர் அதனால் துன்புற்றனர். குடிநீரைத் துணியில் வடிகட்டக் கற்றுக்கொடுப்பதும், நோயாளிகளைக் குளத்தில் இறங்காமல் தடுப்பதும், ஊர் ஊராகச் சென்று கணக்கெடுப்பதும்தான் வேலை. இந்தியா தன் சொந்த இயக்கத்தாலேயே 1996இல் கடைசி நோயாளியைக் கண்டது. சூடானில் உள்நாட்டுப் போர் இடையூறாக நின்றதால், 1995இல் கார்ட்டரே இரு தரப்பிடமும் பேசி, இந்தப் புழுவுக்காகவே ஏறக்குறைய ஆறு மாதப் போர்நிறுத்தத்தைப் பெற்றார்.

2015இல் தமக்குப் புற்றுநோய் மூளைவரை பரவியிருப்பதை அறிவித்த செய்தியாளர் சந்திப்பில், தமக்கு முன்பே கடைசி நரம்புச் சிலந்திப் புழு சாக வேண்டும் என்று அவர் விரும்பினார். அவர் மறைந்த 2024ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் அந்நோய் கண்டவர்கள் 15 பேர்.